பிளஸ் டூ செய்முறைத் தேர்வு: அடர் கந்தக அமிலத்தை மாணவர்கள் கையில் எப்படிக் கொடுப்பது?

வேதியியல்_மேடம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் முதுகலை ஆசிரியராக இந்த ஆண்டுதான் சேர்ந்தேன். ஆய்வக உதவியாளர் பணியிடம் காலி, அதனால் கரைசல் தயாரிப்பதிலிருந்து பாட்டில் கழுவுவது வரை எல்லாம் நான்தான். செய்முறைத் தேர்வு நெருங்குகிறது.

லேபின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். 2.5 லிட்டர் அடர் கந்தக அமில பாட்டில் ஒன்று பாதிக்கு மேல் இருக்கிறது. அடர் நைட்ரிக், அடர் ஹைட்ரோகுளோரிக், லிக்கர் அம்மோனியா (செறிவான அம்மோனியாக் கரைசல்) எல்லாம் ஒரே மர அலமாரியில், அதுவும் என் தலைக்கு மேலே உள்ள தட்டில், பக்கத்திலேயே ஸ்பிரிட், அசிட்டோன், பொட்டாசியம் பெர்மாங்கனேட். ஃப்யூம் ஹுட் (நச்சுப் புகையை வெளியே இழுக்கும் கூண்டு) கிடையாது. இரண்டு குழாய்களில் ஒன்றில்தான் தண்ணீர் வருகிறது. மேசை எல்லாம் கடப்பா கல். பிள்ளைகள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வருகிறார்கள், இங்கே அதுதான் வழக்கமாம்.

எனக்குத் தெரிய வேண்டியது: தரம் பார்த்தலுக்கு (டைட்ரேஷன்) 2N செறிவுள்ள நீர்த்த கந்தக அமிலம் 5 லிட்டர் தயாரிக்க வேண்டும், அதை எந்த முறையில் செய்தால் பயமில்லை? உப்புப் பகுப்பாய்வுக்கு அடர் அமிலத்தை மேசைக்கு மேசை டிராப்பர் பாட்டிலில் ஊற்றி வைப்பதா, வேறு வழி உண்டா? மருந்துக் கடையில் விற்கும் மெல்லிய கையுறை போதுமா? யார் மேலாவது பட்டுவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? சுவரில் தொங்கும் பழைய அட்டையில் "தண்ணீரில் கழுவி, பின் சோடியம் பைகார்பனேட் கரைசல் இடவும்" என்று இருக்கிறது. ஆசிட்டுக்கு ரெஜிஸ்டர் வைக்க வேண்டுமா என்று தலைமையாசிரியரும் கேட்கிறார்.

ஸ்டோர்கீப்பர்_ஓய்வு

வணக்கம் மேடம். கல்லூரி வேதியியல் துறையில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்ட வரிசையில் வராமல், முதலில் அந்த அலமாரியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் லேபில் மிகப் பெரிய ஆபத்து இப்போது அதுதான்.

அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி 1.84. நிறைந்த 2.5 லிட்டர் பாட்டிலில் அமிலம் மட்டுமே 4.6 கிலோ, கண்ணாடியையும் சேர்த்தால் 6 கிலோவை நெருங்கும். அதைத் தலைக்கு மேலிருந்து இரண்டு கையாலும் எட்டி எடுக்கும்போது கை வழுக்கினால் விழுவது முகத்தில். இன்றே கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள், முழங்காலுக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. பாட்டிலை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பில் வையுங்கள், பாட்டில் உடைந்தால் உள்ளிருப்பது முழுவதையும் பிடிக்கிற அளவு டப். இரும்பு டிரே வேண்டாம். மர அலமாரி என்றால் டப் கட்டாயம், சிந்தினால் மரம் கரியாகும்.

அப்புறம் யார் யார் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பது. நைட்ரிக் அமிலத்துக்குப் பக்கத்தில் ஸ்பிரிட்டும் அசிட்டோனும் இருக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் சூடேறிப் பொங்கும், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பெர்மாங்கனேட் படிகத்தின் மேல் அடர் கந்தக அமிலம் பட்டால் மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு உண்டாகும், பச்சை நிற எண்ணெய் மாதிரி தெரியும், அது வெடிக்கிற பொருள். இதைப் "பச்சை நிறம் வருது பாரு" என்று வேடிக்கையாகச் செய்கிற மாணவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு, அதனால் பெர்மாங்கனேட் டப்பாவை வேறு அலமாரியில் பூட்டி, கரைசலாக மட்டுமே வெளியே கொடுங்கள். குளோரேட் உப்பு இருந்தால் அதையும் அங்கேயே வையுங்கள். லிக்கர் அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக்கிலிருந்து பிரித்து வையுங்கள், இல்லையென்றால் அலமாரி பூராவும் வெள்ளைப் பொடி படியும், தராசு, கவ்வி எல்லாம் துருப்பிடிக்கும். வெயில் காலத்தில் அம்மோனியா பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறியிருக்கும், திறக்கும்போது பீய்ச்சும். கொஞ்ச நேரம் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்திவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மூடியை மெல்லத் தளர்த்துங்கள்.

இப்போது 5 லிட்டர் 2N. N, M இரண்டும் செறிவின் அலகுகள், கந்தக அமிலத்துக்கு 2N என்றால் 1M. பாட்டிலில் இருப்பது சுமார் 18M. ஆக 5 லிட்டருக்கு ஏறக்குறைய 275 முதல் 280 மில்லி போதும். தண்ணீரில் அமிலம், அமிலத்தில் தண்ணீர் இல்லை, இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு தண்ணீரில் என்பதை யாரும் சொல்வதில்லை, விஷயம் அங்கேதான் இருக்கிறது. 280 மில்லியை நாலரை லிட்டர் தண்ணீரில் கலக்கினால் மொத்தக் கரைசலும் 15, 20 டிகிரிதான் சூடேறும், கையால் தொட்டால் வெதுவெதுப்பு. அதே 280 மில்லியை "முதலில் ஒரு லிட்டரில் கரைத்துக்கொள்ளலாம், அப்புறம் 5 லிட்டர் ஆக்கலாம்" என்று செய்தால் 60, 70 டிகிரி ஏறும். நம் ஊர்த் தண்ணீர் ஏற்கெனவே 30 டிகிரிக்கு மேல். கொதிநிலைக்குப் பக்கத்தில் போய் நிற்பீர்கள், சரியான வரிசையில் ஊற்றியும்கூட.

அதனால் வாளியில் நாலரை லிட்டர் தண்ணீர் முதலிலேயே இருக்கட்டும். நல்ல தடிமனான பிளாஸ்டிக் வாளி, தரையில், சுவர் ஓரமாக, யாரும் நடக்காத இடத்தில். 50 மில்லி சிறு பீக்கரில் அமிலத்தை எடுத்து, கண்ணாடிக் கோலால் கலக்கிக்கொண்டே மெல்லிய தாரையாக விடுங்கள். கலக்காமல் விட்டால் அமிலம் கனமானது என்பதால் நேராக அடியில் போய்த் தங்கிவிடும், அப்புறம் நீங்கள் கோலை விட்டுக் கலக்கும் கணத்தில் மொத்த வெப்பமும் ஒரே நேரத்தில் வெளியே வரும். ஒவ்வொரு பீக்கருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள். அளவுசாடியில் வைத்து நேரடியாக நீர்க்கச் செய்யாதீர்கள், அடித்தடிமனான கண்ணாடி சூட்டில் விரிசல் விடும். ஆறிய பிறகு 5 லிட்டருக்கு நிரப்பி, பாட்டிலில் ஊற்றி, அன்றைய தேதியோடு லேபிள் ஒட்டுங்கள். இதைத் தேர்வுக்கு முந்தைய நாள், பள்ளி விட்ட பிறகு செய்யுங்கள், ஆனால் தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள். அறை வாசலில் ஒரு ஆள் நிற்கட்டும்.

பெரிய பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. கழுத்தில் இருக்கும் வளையம் அதற்காக அல்ல. அடியில் ஒரு கை, கழுத்தில் ஒரு கை, அதைவிட நல்லது பிளாஸ்டிக் வாளிக்குள் நிறுத்தி வாளியைத் தூக்கிப் போவது.

வார்டு_சிஸ்டர்

நான் தீக்காயப் பிரிவில் பணியாற்றும் செவிலியர். முதலுதவியை மட்டும் சொல்கிறேன்.

அந்தச் சுவர் அட்டையை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். தண்ணீர் மட்டும். உடனே, நிறைய, ஓடுகிற தண்ணீர், குறைந்தது 20 நிமிடம். எங்களிடம் வருகிற காயங்களில் அதன் ஆழத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தில் யாரோ பைகார்பனேட், அதாவது ஆப்ப சோடா, டப்பாவைத் தேடிக்கொண்டும், எவ்வளவு கரைப்பது என்று யோசித்துக்கொண்டும் இருப்பார்கள். அதோடு அமிலமும் காரமும் சேர்ந்தால் மறுபடியும் சூடுதான், அந்தச் சூடு ஏற்கெனவே வெந்த தோலில் இறங்கும். 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிய பிறகு நடுநிலையாக்க அங்கே பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இன்னொன்றும் சொல்வார்கள், "கந்தக அமிலம் தண்ணீர் பட்டால் சூடாகும், அதனால் முதலில் துடைக்கணும்" என்று. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால்தான் அந்தப் பிரச்சினை. குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் வருகிற சூட்டையும் தண்ணீரே அடித்துக்கொண்டு போய்விடும். துணி தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அமிலம் பட்ட உடையைக் கழற்ற வேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், தயங்கி நிற்பார்கள், பையன்கள் சுற்றி நிற்கையில் சுடிதாரைக் கழற்று என்றால் அழுதுகொண்டு அப்படியே நிற்கும். நனைந்த துணி தோலோடு ஒட்டி இருக்கிற ஒவ்வொரு நொடியும் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். அதனால் லேபில் ஒரு பழைய பருத்திப் புடவையும் ஒரு போர்வையும் கத்தரிக்கோலும் ஆணியில் மாட்டி வையுங்கள். இரண்டு பெண் பிள்ளைகள் புடவையைத் திரையாகப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றவர்களை வெளியே அனுப்பிவிடுங்கள். தலை வழியாகக் கழற்றாதீர்கள், முகத்திலும் கண்ணிலும் படும், முன்பக்கம் வெட்டி எடுங்கள்.

கையில் வளையல், மோதிரம், வாட்ச், கோயில் கயிறு. இந்தக் கயிற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிவப்பும் கறுப்புமாக நாலைந்து சுற்று கட்டியிருப்பார்கள், கை முழுவதையும் நன்றாகக் கழுவியிருப்பார்கள், கயிறு மட்டும் அமிலத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மணிக்கட்டைச் சுற்றி வட்டமாகப் புண்ணாக்கியிருக்கும். அவிழ்க்க முயலாமல் வெட்டிவிடுங்கள். கோபித்துக்கொள்ளும் பெற்றோருக்கு அப்புறம் விளக்கிக்கொள்ளலாம்.

கண்ணில் பட்டால் பிள்ளை இமையை இறுக மூடிக்கொள்ளும், அது தன்னிச்சையானது. ஒருவர் இரண்டு இமையையும் விரலால் விரித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீரை ஓடவிட வேண்டும், மற்ற கண்ணுக்குள் போகாதபடி. வேகமாகப் பீய்ச்ச வேண்டாம், ஓடினால் போதும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுக்கப் பாருங்கள். குறைந்தது 20 நிமிடம், பிறகு 108. ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிட்டால் வண்டியிலும் கழுவச் சொல்லுங்கள். மருத்துவமனையில் லிட்மஸ் தாளை இமைக்குள் தொட்டுப் பார்த்து, அமிலம் போகவில்லை என்றால் நாங்களும் கழுவிக்கொண்டேதான் இருப்போம்.

விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே மருத்துவமனை. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போன வழியே திரும்ப வந்து உணவுக்குழாயை இரண்டாவது முறை எரிக்கும். சோடா கரைசலும் கொடுக்காதீர்கள், வயிற்றுக்குள் வாயு உப்பும்.

புண்ணின் மேல் பற்பசை, மஞ்சள், இங்க், மாவு எதையும் தடவாதீர்கள்.

வேதியியல்_மேடம்

சிஸ்டர், ரொம்ப நன்றி. அட்டையைக் கழற்றிவிட்டேன். அலமாரியையும் இன்று மாலை மாற்றிவிடுவேன். ஒரு சந்தேகம், எங்கள் குழாய் சிங்க்கோடு சேர்ந்தது, தாழ்வாக இருக்கிறது, தலையை அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. கண் கழுவும் கருவி வாங்க இப்போதைக்குப் பணம் வராது.

மூத்த_ஆசிரியர்

நான் சிஸ்டர் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பைகார்பனேட் கரைசல் என்பது எங்கள் காலத்துப் பாடப்புத்தகங்களிலெல்லாம் இருந்தது, பல ஆண்டுகள் அதைத்தான் சொல்லிக்கொடுத்தோம். நீர்த்த கரைசல், அதுவும் நன்றாகக் கழுவிய பிறகு என்றால் பெரிய தீங்கு வந்துவிடாது. அதை ஒரேயடியாகத் தவறு என்று சொல்ல வேண்டுமா?

வார்டு_சிஸ்டர்

சார், நீங்கள் சொல்கிற மாதிரி 20 நிமிடம் கழுவிவிட்டு அப்புறம் இட்டால் தீங்கு குறைவுதான். ஆனால் அட்டையில் அப்படி இரண்டு படிகள் இருந்தால் பதற்றத்தில் இருப்பவர் முதல் படியை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு இரண்டாவதுக்குத் தாவுவார், ஏனென்றால் மருந்து அதுதான் என்று மனசுக்குப் படும். கண் என்றால் எந்தக் காலத்திலும் வேண்டாம். அட்டையில் ஒரே ஒரு வரி இருக்கட்டும் என்றுதான் நான் கேட்பேன்.

ஷிஃப்ட்_சேஃப்டி

ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். மேடம் கேட்ட குழாய் விஷயத்துக்கு: வேலை செய்யும் குழாயில் ஒன்றரை மீட்டர் மெல்லிய ரப்பர் ஹோஸை கிளிப் போட்டு நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். செலவு அதிகமில்லை. பிள்ளையை பெஞ்சில் தலை சாய்த்துப் படுக்க வைத்துக்கூடக் கண்ணைக் கழுவலாம். முதல் தண்ணீர் வரும்போது கையில் பிடித்துப் பாருங்கள், மத்தியானத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், கொஞ்சம் ஓடவிட்டால் தணியும். செய்முறை நடக்கிற நாளில் காலையிலேயே மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று ஆள் ஏறிப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் 20 லிட்டர் கேன் இரண்டில் சுத்தமான தண்ணீர் லேபுக்குள் இருக்கட்டும். தண்ணீர் இல்லாத நாளில் ஆசிட் பாட்டிலைத் திறக்காதீர்கள், தேர்வாக இருந்தாலும் சரி.

கையுறை: மருந்துக் கடை மெல்லிய கையுறை நீர்த்த அமிலத்தின் துளிக்குப் போதும். அடர் கந்தக அமிலம் அதைச் சீக்கிரமே பதம் பார்த்துவிடும், உள்ளே இறங்கியபின் கையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், அதைவிட வெறுங்கை மேல், எரிவது உடனே தெரியும். பெரிய பாட்டிலைத் தொடும் உங்களுக்கு மட்டும் முழங்கை வரை வரும் தடித்த நியோப்ரீன் கையுறை ஒரு ஜோடி வாங்குங்கள். போடுவதற்கு முன் மணிக்கட்டுப் பக்கத்தை முறுக்கிக் காற்றடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மாணவர்களுக்குக் கையுறையைவிடக் கண்ணாடி முக்கியம், பக்கவாட்டும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி. எல்லோருக்கும் வாங்க முடியாவிட்டால் ஒரு பேட்சுக்கு எத்தனை பேரோ அத்தனை வாங்கி, மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

வெறுங்கால் பழக்கத்தைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். சிந்துவதெல்லாம் தரையில்தான் வந்து சேர்கிறது. செருப்புக்கூடப் பத்தாது, மூடிய ஷூ வேண்டும், இல்லாதவர்கள் அன்றைக்கு யாரிடமாவது வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும். துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிய வேண்டும், சடையைக் கொண்டையாக்க வேண்டும். கோட் பருத்தியாக இருக்கட்டும், நைலான் கலந்தது சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். நீர்த்த அமிலம் தெறித்த கோட்டைப் பிள்ளைகள் கண்டுகொள்ள மாட்டார்கள், தண்ணீர் உலர்ந்து போகும், அமிலம் உலராது, துணியிலேயே செறிந்துகொண்டு இருக்கும். அடுத்த சலவையில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை ஓட்டையாக வரும். அன்றைக்கே தண்ணீரில் அலசினால் தப்பும்.

சிந்தினால்: உலர்ந்த மணல் ஒரு வாளி, ஆப்ப சோடா மூன்று கிலோ. அளவு ஏன் இவ்வளவு என்றால், 100 மில்லி அடர் அமிலத்தைச் சமன்செய்யவே 300 கிராமுக்கு மேல் சோடா வேண்டும், நிறையப் பேர் கால் கிலோ பாக்கெட்டை வைத்துக்கொண்டு தயாராக இருப்பதாக நினைக்கிறார்கள். முதலில் மணலைச் சுற்றி வரப்பு மாதிரி கட்டி, பிறகு நடுவில் கொட்டுங்கள். அடர் அமிலத்தின் மேல் நேராகச் சோடாவைக் கொட்டினால் நுரைத்துத் தெறிக்கும். மணல் உறிஞ்சிய பிறகு பிளாஸ்டிக் முறத்தால் அள்ளி, நிறையத் தண்ணீர் உள்ள வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அங்கே சோடா சேருங்கள். நுரை வருவது நின்றால் முடிந்தது. தரையில் மிச்சமிருப்பதற்குச் சோடாவும் தண்ணீரும். மரத்தூள், பழைய துணி, செய்தித்தாள் எதுவும் வேண்டாம், கந்தக அமிலத்தில் அவை கரியாகும், நைட்ரிக்கில் தீயே பிடிக்கும்.

கடப்பா கல் சுண்ணாம்புக்கல்தான். அமிலம் விழுந்தால் நுரைத்துக்கொண்டு அரிக்கும், மேசை பூராவும் வெள்ளை வெள்ளையாகக் குழி இருக்குமே, அதுதான். அடர் அமில பாட்டில் நிற்கும் இடத்தில் ஒரு கண்ணாடித் தட்டு அல்லது பீங்கான் டைல் வையுங்கள்.

பிஎஸ்சி_மூன்றாமாண்டு

எங்கள் கல்லூரியில் இன்னும் வாயால்தான் பிப்பெட் உறிஞ்சச் சொல்கிறார்கள். 2N தானே, ஒன்றும் ஆகாது என்கிறார்கள். சரியா?

ஸ்டோர்கீப்பர்_ஓய்வு

தம்பி, சரியில்லை. திரவ மட்டம் பிப்பெட் நுனிக்குக் கீழே இறங்கினால் போதும், காற்றோடு சேர்ந்து ஒரே உறிஞ்சலில் வாய்க்குள் வந்துவிடும். இன்றைக்கு 2N, நாளைக்கு ஆக்சாலிக் அமிலம், மறுநாள் டைகுரோமேட், பழக்கம் ஒன்றுதான். ரப்பர் பல்ப் ஒன்று சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், விலை குறைவு, துறையில் கேட்டு வாங்கித் தரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கழுவுவதற்குக் குரோமிக் அமிலக் கலவை, அதாவது டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும், இன்னும் பல லேபில் பெரிய ஜாடியில் இருக்கும். அதன் பக்கம் போகாதீர்கள். ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் பியூரெட்டுக்குப் போதும்.

கரும்பலகை

நானும் பள்ளி வேதியியல் ஆசிரியர்தான். மேடம் கேட்ட டிராப்பர் பாட்டில் கேள்வியை யாரும் தொடவில்லை, அதைச் சொல்கிறேன். என் அனுபவத்தில் லேபில் விபத்து நடப்பது பெரிய பாட்டிலருகே இல்லை, சிங்க்கருகே.

குளோரைடு, புரோமைடு, நைட்ரேட் என்று உப்பின் மேல் அடர் அமிலம் விட்டுச் சூடாக்குகிறார்கள், புகை வந்ததும் அம்மோனியாக் கோலைக் காட்டிப் பார்க்கிறார்கள், விடை கிடைத்தவுடன் சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு நேராகச் சிங்க்குக்கு ஓடி, குழாயைத் திறந்து நேரடியாக உள்ளே தண்ணீரைப் பிடிக்கிறார்கள். "அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்றணும்" என்று வாய்மொழியில் மனப்பாடமாக ஒப்பிக்கும் அதே பிள்ளைதான் இங்கே சூடான அடர் அமிலத்துக்குள் தண்ணீரை விடுகிறது. குறுகிய குழாய், அடியில் அமிலம், மேலே தண்ணீர், வாய் தன் முகத்தைப் பார்த்தபடி. தெறிக்க வேறு என்ன வேண்டும்? இதைப் பாட்டில்மேல் லேபிள் ஒட்டித் தடுக்க முடியாது. நான் செய்வது: ஒவ்வொரு மேசையிலும் அரைவாசித் தண்ணீரோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் டப். சோதனை முடிந்த குழாய் முதலில் ஸ்டாண்டில் ஆற வேண்டும், ஆறியதும் அதிலிருப்பது டப்புத் தண்ணீரில், அப்புறம்தான் குழாய் சிங்க்குக்குப் போகலாம். டப்பைக் கடைசியில் சோடா போட்டு நானே கொட்டுகிறேன்.

மேசைக்கு மேசை அடர் அமிலம் நான் வைப்பதே இல்லை. என் மேசையில் ஒரே ஒரு 100 மில்லி பாட்டில், டைலின்மேல். பிள்ளை உப்பு போட்ட குழாயை ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு வரும், நான் நாலைந்து துளி விடுகிறேன். வரிசை நிற்கும், நேரம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் அறையில் அடர் அமிலம் எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும், அதுவும் 100 மில்லிக்கு மேல் இல்லை. டிராப்பரைத் தலைகீழாகப் பிடிப்பதும் நின்றுவிட்டது. ரப்பர் தலையைப் பாருங்கள், சில வாரம் அடர் அமிலத்தில் இருந்தது என்றால் கறுத்து, பிசுபிசுவென்று ஆகி, அழுத்தினால் விரலோடு ஒட்டும், ஒருநாள் பிளந்து விரலிலேயே கசியும். அடர் அமிலத்துக்குக் கண்ணாடி மூடி பாட்டிலும் தனி கண்ணாடிக் குழாயும் போதும். நைட்ரேட்டைக் கண்டறியும் பழுப்பு வளையச் சோதனைக்கு மட்டும் நானே குழாயைச் சாய்த்து ஓரமாக விட்டுக் கொடுக்கிறேன்.

பெர்மாங்கனேட் தரம் பார்த்தலில் நீர்த்த அமிலம் நடுவில் தீர்ந்துபோனால் யாரும் அடர் பாட்டிலைத் தேடிப் போகக்கூடாது. அதனால் தேவைக்கு ஒன்றரை மடங்கு தயாரித்து வையுங்கள், 5 லிட்டர் என்று கணக்கிட்டிருந்தால் ஏழரை.

ரெஜிஸ்டர்: வேண்டும் மேடம். ஆசிட் வீச்சு வழக்கில், லக்ஷ்மி எதிர் இந்திய அரசு, உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18-இல் கொடுத்த உத்தரவில் கல்வி நிறுவனங்களையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. அமிலப் பயன்பாட்டுக்குப் பதிவேடு வைத்து அதைக் கோட்ட நடுவரிடம், அதாவது நம் ஊரில் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது சப் கலெக்டரிடம், தாக்கல் செய்ய வேண்டும். பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். லேபை விட்டு வெளியே போகும் மாணவர்களைச் சோதிக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். காகித வேலை என்று நினைக்காதீர்கள். பாட்டிலில் ஒரு கோடு போட்டு, எடுத்த அளவையும் தேதியையும் எழுதி வந்தால், 50 மில்லி காணாமல் போனாலும் அன்றே தெரியும். அந்த 50 மில்லி யார் முகத்தை நோக்கியும் போய்விடக்கூடாது என்பதற்காகப் போட்ட உத்தரவு அது. பொறுப்பாளர் நீங்கள் என்று தலைமையாசிரியர் எழுத்தில் கொடுக்கட்டும், சாவியும் உங்களிடம் மட்டும்.

வேதியியல்_மேடம்

எல்லோருக்கும் நன்றி. சிங்க் விஷயம் நான் யோசித்தே பார்க்காதது, இன்று மாதிரித் தேர்வில் கவனித்தேன், மூன்று பிள்ளைகள் அப்படியே செய்யப் போனார்கள், கையைப் பிடித்து நிறுத்தினேன். நாளையிலிருந்து மேசைக்கு ஒரு டப். ஹோஸ் மாட்டியாயிற்று.

கடைசியாக ஒன்று. அலமாரியைக் காலி செய்தபோது பின்னால் லேபிள் இல்லாத ஒரு பழுப்பு பாட்டில் கிடைத்தது, அரை லிட்டர் இருக்கும், மூடி இறுகிப்போய்விட்டது, சாய்த்தால் கொஞ்சம் மந்தமாக நகர்கிறது. கந்தக அமிலம் என்றுதான் நினைக்கிறேன். திறந்து ஒரு துளி சர்க்கரையில் விட்டுப் பார்க்கலாமா?

ஸ்டோர்கீப்பர்_ஓய்வு

வேண்டாம் மேடம். மூடியைத் திருகாதீர்கள், தட்டாதீர்கள், இனிமேல் சாய்த்தும் பார்க்காதீர்கள். இறுகிய மூடி என்றால் உள்ளே அழுத்தம் இருக்கலாம், அல்லது மூடிக் கண்ணாடியே பாட்டிலோடு பிடித்திருக்கலாம், திருகும்போது கழுத்து உடையும். மந்தமாக நகர்வது கந்தக அமிலம் மட்டுமில்லை, கிளிசராலும் நகரும், பாஸ்பாரிக் அமிலமும் நகரும். சிங்க்கில் கொட்டுவதும் கூடாது.

நிமிர்த்தி ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து, பாட்டில் சாயாதபடி சுற்றிலும் உலர்ந்த மணலைப் போடுங்கள். வாளியின் மேல் "தெரியாத பொருள், அமிலமாக இருக்கலாம், திறக்காதீர்கள்" என்று பெரிதாக எழுதி, கண்டெடுத்த தேதியையும் போடுங்கள். ஸ்பிரிட்டும் அம்மோனியாவும் இல்லாத இடத்தில் பூட்டி வைத்து, ரெஜிஸ்டரில் ஒரு வரியும் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். பக்கத்தில் இருக்கும் அரசுக் கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவரிடம் பேசச் சொல்லுங்கள், அவர்கள் தங்கள் ரசாயனக் கழிவை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுக்கும்போது இதையும் சேர்த்து எடுக்க வழியிருக்கும். அதுவரை அது வாளியிலேயே இருக்கட்டும், தேர்வு நடக்கும் நாட்களில் அந்த அலமாரிச் சாவியை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்.